செல்ஃப் எடுக்காத பழைய கார்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

"செல்ஃப் எடுக்கல" என்று பட்டறைக்கு வரும் பழைய கார்கள் பலவற்றில் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் (ஸ்டார்ட்டர்) நன்றாகவே இருக்கும். கோளாறு பேட்டரி முனையிலோ, பேட்டரியை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் கேபிளிலோ இருக்கும். ஆனால் அதற்குள் யாரோ ஒருவர் மோட்டாரைக் கழற்றி, உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் (பிரஷ்) மாற்றி, பளபளவென்று பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருப்பார். இரண்டு நாள் எடுக்கும், மூன்றாம் நாள் பழையபடி முரண்டு பிடிக்கும். அதனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் மோட்டாரின் போல்ட்டில் ஸ்பேனர் போடக் கூடாது என்பது என் கட்சி. பழைய லூகாஸ் மோட்டாரின் பாகங்கள் இன்றைக்குக் கிடைப்பதே பாடு. தேவையில்லாமல் பிரித்து எதையாவது உடைத்துவிட்டால் அப்புறம் கோயம்புத்தூர், சென்னைப் பழைய சாமான் கடைகளில்தான் அலைய வேண்டும்.

செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரை ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஜூனில் சாரல் பிடித்தால் மாதக்கணக்கில் ஈரக்காற்று. ஷெட்டுக்குள் நின்றாலும் செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும். கீழே தென்காசியில் வெயிலில் நிற்கும் வண்டிக்கு வராத கோளாறெல்லாம் மலையடிவாரத்து வண்டிக்கு வரும்.

இங்கே சொல்வது அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர், பழைய ஜீப் ஆகிய வண்டிகளுக்குப் பொதுவானது. தொடங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை மோட்டார் என்று பாருங்கள். மோட்டாரின் முதுகில் சோலனாய்டு (சாவி திருப்பினால் மோட்டாருக்குப் பெரிய கரண்டை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) சவாரி செய்துகொண்டிருந்தால், பல்லை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பிறகு சுற்றும் வகை. மோட்டார் மொட்டையாக உருளை போல இருந்து, சோலனாய்டு தனியாக பாடியில் மாட்டியிருந்தால், அது பெண்டிக்ஸ் வகை. மோட்டார் சுழன்ற வேகத்தில் பல் தானே மரையில் ஏறிப் போய் ஃப்ளைவீலைப் பிடிக்கும். மோரிஸ் மைனரிலும் பழைய அம்பாசிடர்களிலும் பெண்டிக்ஸ்தான் அதிகம். கீழே சில அறிகுறிகளுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

வேலைக்கு ஒரு டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், 12 வோல்ட் பல்பில் ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப், கூட ஒரு ஆள், இவை போதும். இன்ஜின் கிளம்பிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே. ஒரு தடவைக்கு பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒரு நிமிஷமாவது ஆறவிடுங்கள். பேட்டரி மேல் தீப்பொறி பறக்கும்படி எதுவும் செய்யக் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது வெடிக்கும்.

சாவி திருப்பினால் சத்தமே இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட்டே எரியவில்லை என்றால் பேட்டரி செத்திருக்கிறது, இல்லை கிளாம்ப் விட்டிருக்கிறது. கிளாம்பைக் கையால் முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் அதுதான்.

லைட் பளிச்சென்று எரிகிறது, சாவி திருப்பியும் மங்கவில்லை, 'டக்' சத்தமும் இல்லை என்றால் மோட்டாருக்குக் கட்டளையே போகவில்லை. சோலனாய்டின் சின்ன முனையில் டெஸ்ட் லாம்பை வைத்து ஆளைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். லாம்ப் எரியவில்லை என்றால் சாவி ஸ்விட்ச், இல்லை வழியில் ஏதாவது ஒரு ஒயர். பழைய சாவி ஸ்விட்சுகளில் ஸ்டார்ட் முனை தேய்ந்து போவது சகஜம். லாம்ப் எரிந்தும் சோலனாய்டு அசையவில்லை என்றால் காயில் அறுந்திருக்கும், அல்லது சோலனாய்டு உடம்புக்கு எர்த் இல்லை. தனியாக மாட்டிய சோலனாய்டு அதன் ஸ்குரூ வழியாகத்தான் எர்த் வாங்கும். பாடிக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்த வண்டியில் இது அடிக்கடி வரும், ஸ்குரூவுக்கு அடியில் பெயின்ட் உட்கார்ந்திருக்கும்.

பிரிட்டிஷ் வழி வந்த சில வண்டிகளில் சோலனாய்டின் பின்னால் ரப்பர் தொப்பி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் சாவி இல்லாமலே செல்ஃப் சுற்றும். பொத்தானுக்கு எடுத்து, சாவிக்கு எடுக்கவில்லை என்றால் மோட்டாரையும் பெரிய கேபிள்களையும் விட்டுவிடலாம். பொத்தான் இல்லாத சோலனாய்டுக்குச் சிலர் இரண்டு பெரிய முனைகளுக்கும் குறுக்கே ஸ்குரூ டிரைவர் போட்டுத் தீப்பொறி பறக்க அடிப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து (பெரும்பாலும் பாசிட்டிவ்) ஒரு ஒயர் எடுத்து சோலனாய்டின் சின்ன முனையைத் தொட்டாலே அதே சோதனை நடந்துவிடும்.

'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

இங்கேயும் ஹெட்லைட்தான் நீதிபதி. 'டக்' என்றதும் லைட் செத்துவிடுகிறதா, மங்குகிறதா, அப்படியே எரிகிறதா?

லைட் முழுக்க அணைந்து, சாவியை விட்டதும் திரும்ப வந்தால் பேட்டரி முனை. மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும் கிளாம்பைக் கழற்றினால் உள்வட்டத்தில் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். லைட் எரிய அது வழிவிடும், 150 ஆம்பியர் கேட்டால் விடாது. முனையையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாள் போட்டு வெள்ளி நிறம் தெரியும்வரை தேயுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவலாம், கரைசல் பேட்டரி ஓட்டைக்குள் மட்டும் போகக் கூடாது. இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசுங்கள். முதலில் பூசிவிட்டு இறுக்குவது தப்பு.

லைட் நன்றாக மங்கினால் கரண்ட் போகிறது, ஆனால் மோட்டார் சுற்ற முடியவில்லை. பேட்டரி பலவீனமாக இருக்கலாம். மோட்டார் ஜாம் ஆகியிருக்கலாம். பெண்டிக்ஸ் வகையில் பல் ஃப்ளைவீலில் கடித்துக்கொண்டு நின்றுவிடும். இக்னிஷனை அணைத்து, டாப் கியர் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டொக்' என்று விடுபடும். பழைய லூகாஸ் மோட்டாரின் பின்முனையில் சின்ன மூடி இருக்கும், அதற்குள் ஷாஃப்டின் சதுர முனை. அதில் ஸ்பேனர் போட்டுச் சுற்றியும் விடுவிக்கலாம். இது வழக்கமாகிவிட்டால் பல்லும், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையமான ரிங் கியரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

ஜாமும் இல்லை என்றால் இன்ஜினே பிடித்திருக்கிறதா என்று, கையால் இன்ஜினைச் சுற்றும் ஹேண்டில் போட்டுப் பாருங்கள். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நாலு விரல்கள் இருக்கும் பக்கமே இருக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும். மேலே இழுப்பதுதான் முறை, கீழே அழுத்துவது இல்லை.

லைட் அசையாமல் பளிச்சென்றே இருந்து, 'டக்' மட்டும் கேட்டால் கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. சோலனாய்டுக்குள் இருக்கும் செம்பு வட்டு கருகியிருக்கும், அல்லது மோட்டாருக்குள் கார்பன், ஆர்மேச்சர் என்ற சுழலும் பாகத்தின் நுனியில் உள்ள செம்புக் கம்யூட்டேட்டரைத் தொடவில்லை. மோட்டார் பக்கத்து முனையில் மீட்டர் வைத்துச் சாவி திருப்புங்கள். 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் கார்பன். வரவில்லை என்றால் சோலனாய்டு. சாரல் காலம் முழுக்க எடுக்காமல் நிறுத்தி வைத்த வண்டியில் கார்பன் அதன் கூட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் உடம்பில் சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டினால் சுற்றிவிடும். அதோடு சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், கார்பனைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. சோலனாய்டின் மூடியில் மட்டும் தட்டாதீர்கள், பேக்கலைட் உடைந்துவிடும்.

இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

எல்லாரும் மோட்டாரைக் குறை சொல்லும் இடம் இதுதான். பெரும்பாலும் மோட்டார் நிரபராதியாக இருக்கும் இடமும் இதுதான்.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் சார்ஜ் போட்டுவிட்டு வந்து மற்றதைப் பேசலாம். சார்ஜ் ஏறிய பிறகு செல்ஃப் அடித்துக்கொண்டே பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தேறாது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. டைனமோ வைத்த வண்டிகள் ஐடிலில் கிட்டத்தட்ட சார்ஜ் ஏற்றுவதே இல்லை. கல்யாணத்துக்கு மட்டும் அலங்காரம் பண்ணி மெதுவாக ஊர்வலம் போகும் அம்பாசிடருக்குப் பேட்டரி இறங்கிப் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பேட்டரி சரி என்றால் கேபிள். இங்கே ஓம் அளவைப் போட்டுப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. கணக்கு இதுதான்: நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் சாதாரண மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 150 ஆம்பியர் போகும்போது அந்தத் தடை ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். அதனால் கரண்ட் ஓடும்போதே வோல்ட்டில் அளக்க வேண்டும்.

மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முள்ளை பேட்டரியின் எர்த் ஆகாத (பெரும்பாலும் பாசிட்டிவ்) ஈயத் தூணின் மேலேயே குத்துங்கள், கிளாம்பில் இல்லை. கறுப்பு முள் மோட்டாரின் பெரிய போல்ட்டில். இப்போது 12 வோல்ட் காட்டும், கவலைப்பட வேண்டாம். ஆளைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எண் சடாரென்று விழும். விழுந்து நிற்கும் எண் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் ஆரோக்கியம். ஒரு வோல்ட்டுக்கு மேல் என்றால் வழியில் எங்கோ தின்கிறது. முள்ளை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: தூணிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து சோலனாய்டுக்கு, சோலனாய்டின் ஒரு போல்ட்டிலிருந்து மறு போல்ட்டுக்கு. எந்தத் துண்டில் எண் எகிறுகிறதோ அதுதான் திருடன். சோலனாய்டுக்குக் குறுக்கே 0.3க்கு மேல் வந்தால் உள்ளே செம்பு கருகியிருக்கிறது.

இதே சோதனையை எர்த் பக்கமும் செய்ய வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை, கோளாறோ பெரும்பாலும் இங்கேதான். ஒரு முள் பேட்டரியின் எர்த் தூணில், இன்னொன்று மோட்டார் உடம்பிலோ இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலோ. செல்ஃப் அடிக்கும்போது 0.3க்குள் இருக்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. பாடியையும் இன்ஜின்–கியர்பாக்ஸையும் ஒரு பின்னல் பட்டைதான் இணைக்கிறது. மழைத்தண்ணீரும் சேறும் அடிக்கும் கீழ்ப்பக்கத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். ஆயில் ஊறி, பச்சை பூத்து, ஒவ்வொரு இழையாக அறுந்து, கடைசியில் நாலைந்து இழைகளில் தொங்கும்.

முழுக்க அறுந்தால் என்ன நடக்கும்? கரண்ட் வேறு வழி தேடும். தென்மலையிலிருந்து ஒருவர் அம்பாசிடரைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, செல்ஃப் அடிச்சா டாஷ்போர்டுல புகை வருது" என்றார். போனட்டைத் திறந்து அடிக்கச் சொன்னதும் தெரிந்தது: சோக் கேபிளின் வெளிச்சுருள் கார்புரேட்டர் பக்கத்தில் கறுத்து, மேலே இருந்த பிளாஸ்டிக் உருகிச் சொட்டாக இறங்கியிருந்தது. மொத்த எர்த் கரண்டும் அந்த மெல்லிய சுருள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதற்குள் வேறு இடத்தில் ஆர்மேச்சர் வைண்டிங்குக்குக் காசு கொடுத்திருந்தார். பட்டை ஒன்று மாற்றியதும் புதுவண்டி மாதிரி சுற்றியது. சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் சூடானால் வேறெதையும் பார்க்காமல் நேரே எர்த் பட்டைக்குப் போங்கள்.

புதுக் கேபிள் வாங்கும்போது கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது, வேண்டாம். நல்ல செம்பு வெல்டிங் கேபிள், 25 அல்லது 35 சதுர மி.மீ., தாராளமாகப் போடலாம். கேபிள் முனையில் மாட்டும் லக்கை நன்றாக நெரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வெறும் ஈயத்தை மட்டும் நம்பிய லக், சூட்டில் இளகிக் கழன்ற கதை உண்டு.

இரண்டு பக்கமும் சுத்தம், பேட்டரியும் நல்லது, அப்படியும் இழுத்து இழுத்துச் சுற்றினால்தான் மோட்டார். இப்போது கழற்றலாம்.

ஏற்றம் ஏறி வந்து நிறுத்தினால் மட்டும் எடுக்காது

புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரை இரண்டாம் கியரில் ஏறி, டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து சாவி திருப்பினால் 'ஊ...ம்' என்று ஒரு முனகல். அரைமணி ஆறவிட்டால் எடுக்கும். இந்தப் பாதையில் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய கதை.

செம்பு சூடானால் தடை கூடும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். சைலன்சர் குழாயின் வெக்கையில் மோட்டார் எழுபது டிகிரி ஏறினால் தடை கால்வாசிக்கு மேல் கூடிவிடும். நல்ல மோட்டார் அதைத் தாங்கும், ஏற்கெனவே தேய்ந்தது தாங்காது. முதல் சந்தேகம் புஷ். ஷாஃப்ட் ஓடும் வெண்கலப் புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் ஒரு பக்கம் சாய்ந்து, அதைச் சுற்றியுள்ள காந்த இரும்புகளில் (போல்) உரசும். குளிரில் மயிரிழையில் தப்பும், சூட்டில் தொடும். பிரித்துப் பார்த்தால் ஆர்மேச்சர் மேல் பளபளவென்று உரசல் கோடு தெரியும்.

புது புஷ் போடுவதற்கு முன் அதை 30 கிரேடு இன்ஜின் ஆயிலில் ஒரு நாள் முழுக்க ஊறப்போடுங்கள். அது நுண்துளை உள்ள வெண்கலம், ஆயிலைத் தனக்குள் குடித்துவைத்துக் கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். மாட்டிய பிறகு உள்ளே ரீமர் போட்டுக் குடைந்தால் அந்தத் துளைகள் அடைபட்டு, புஷ் சீக்கிரமே போய்விடும். ஷாஃப்ட் அளவுக்குச் சரியான மழமழப்பான கம்பியை வைத்து அடித்து இறக்குவதுதான் முறை. லேத்தில் கொடுத்தால் இதைச் சொல்லியே கொடுங்கள்.

இன்னொரு கோளாறை இதிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். சூட்டில் இரண்டு சுற்று சுற்றி, 'டொக்' என்று திருப்பி உதைத்து நிற்கிறதா? அது மோட்டார் இல்லை. டைமிங் முந்தியிருக்கிறது, பிஸ்டன் மேலே வருவதற்குள் தீ பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. காயில் ஒயரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். உதைக்காமல் ஒரே சீராகச் சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வேண்டியதுதான். கவனிக்காமல் விட்டால் மோட்டாரின் மூக்கு உடையும்.

மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை

பெண்டிக்ஸ் வகையில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மரை அழுக்கு. கிளட்ச் தூசியும் இன்ஜின் பின்னாலிருந்து கசியும் ஆயிலும் சேர்ந்து கறுப்புப் பசையாகிப் பல் மரையில் ஏறாமல் நின்றுவிடும். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பின்பக்கம் கொஞ்சம் ஆயில் கசியாமல் இருந்தால்தான் அதிசயம். மோட்டாரை இறக்கி, பெண்டிக்ஸை மண்ணெண்ணெயில் முக்கிப் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பல்லைக் கையால் சுழற்றி ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போய், ஸ்பிரிங்கால் தானே திரும்ப வர வேண்டும். காய்ந்ததும் அப்படியே மாட்டுங்கள். கிரீஸ் வைக்காதீர்கள். அக்கறையாக கிரீஸ் அப்பிவிடுவதால்தான் அடுத்த சாரலுக்குள் அதே கோளாறு திரும்புகிறது.

பெரிய ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஆனால் அதற்கு முன் ஒரு பெரிய 'டங்' கேட்டிருக்கும். சோலனாய்டு முதுகில் உள்ள வகையில் ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் வழுக்கும். பல்லைக் கையால் ஒரு பக்கம் சுற்றினால் சுற்ற வேண்டும், மறுபக்கம் ஆர்மேச்சரோடு பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் மாற்றுவது தவிர வழியில்லை. அதை மட்டும் மண்ணெண்ணெயில் முக்காதீர்கள், உள்ளே அடைத்துவைத்த கிரீஸ் கரைந்து போகும்.

பல் அரைபடும் சத்தம்

சில நேரம் 'கர்ர்ர்' என்று அரைக்கும், சில நேரம் சுத்தமாகப் பிடிக்கும். அரைக்கும்போது ஹேண்டில் போட்டு இன்ஜினைக் கால்சுற்று திருப்பிவிட்டு அடித்தால் பிடிக்கிறதா? அப்படியானால் ரிங் கியர். நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது அநேகமாக எதிரெதிரான இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். வருஷக்கணக்கில் மோட்டார் அந்த இரண்டு இடங்களையே கடித்துத் தேய்த்திருக்கும். மோட்டாரை இறக்கிவிட்டு ஓட்டை வழியாக டார்ச் அடித்து, ஹேண்டிலால் மெல்ல மெல்லச் சுற்றிப் பாருங்கள், நல்ல பல்லும் மொட்டைப் பல்லும் தெளிவாகத் தெரியும்.

ரிங்கைச் சூடேற்றிக் கழற்றி, கால்சுற்று திருப்பித் திரும்ப ஏற்றினால் நல்ல பற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். இதற்கு கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், அதனால் கிளட்ச் வேலையோடு சேர்த்துச் செய்வதே லாபம். ரிங்கின் நிறம் வெளிர் நீலம் தாண்டக் கூடாது, தாண்டினால் பல்லின் உறுதி போய்விடும். ரிங்கை முன்பின்னாகப் புரட்டிப் போடுவது எல்லா வண்டிக்கும் ஒத்துவராது, பல் நுழையும் பக்கம் சீவியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புரட்ட வேண்டும்.

மோட்டாரைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் அரைக்கும். முதலில் அதை இறுக்கிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

டக டக டக டக

சோலனாய்டு முதுகில் உள்ள மோட்டாரில் இயந்திரத் துப்பாக்கி மாதிரி அடித்தால் பத்தில் ஒன்பது தடவை பேட்டரி இறங்கியிருக்கும், இல்லை எர்த் கெட்டிருக்கும். சோலனாய்டு இழுத்ததும் மோட்டார் கரண்டை அள்ளும், வோல்ட் விழும், சோலனாய்டு விட்டுவிடும், வோல்ட் ஏறும், திரும்ப இழுக்கும். பேட்டரியும் கேபிளும் நல்லது என்றால் சோலனாய்டுக்குள் இருக்கும் இரண்டு காயில்களில் பிடித்துவைக்கும் காயில் அறுந்திருக்கிறது. இழுக்கும் காயில் உள்ளே இழுக்கும், தொடர்ந்து பிடித்துவைக்க ஆள் இல்லை.

சாவி ஸ்விட்சும் இதைச் செய்யும். சோலனாய்டின் சின்ன முனைக்கு வர வேண்டிய வோல்ட் பழைய ஸ்விட்சிலும் மெல்லிய ஒயரிலும் கரைந்து வரும். டாஷ்போர்டில் பழைய ஸ்விட்ச் அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்படுபவர்கள் போனட்டுக்குள் மறைவாக ஒரு 30 ஆம்பியர் ரிலே வைத்துவிடலாம். சாவி ரிலேயைத்தான் தட்டும், ரிலே சோலனாய்டுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கும். பார்ப்பவர்களுக்குத் தெரியாது, ஸ்விட்சும் இன்னும் பல வருஷம் தாங்கும்.

சாவியை விட்ட பிறகும் சுற்றுகிறது

யோசிக்காமல் பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். செம்பு வட்டு முனையோடு பற்றுவைத்தது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிஷம் விட்டால் ஆர்மேச்சர் கருகும். இறங்கிய பேட்டரியில் திரும்பத் திரும்ப அடிப்பதால் வரும் வினை இது. பிரிக்கக்கூடிய சோலனாய்டு என்றால் செம்பு வட்டைப் புரட்டிப் போடலாம், அடுத்த பக்கம் புதுசாக இருக்கும்.

மோட்டாரை இறக்கியாயிற்று

பேட்டரி எர்த்தைக் கழற்றிய பிறகுதானே இறக்கினீர்கள்? சரி. வைஸில் இறுக்கி, ஜம்பர் கேபிளில் கொடுத்துப் பாருங்கள், ஒன்றிரண்டு விநாடிதான். சீரியஸ் வைண்டிங் மோட்டார் சுமை இல்லாமல் தலைதெறிக்கச் சுற்றும். பெண்டிக்ஸ் பல் முன்னால் பாயும், முகத்தையும் விரலையும் தள்ளி வையுங்கள்.

மோட்டார் உடம்பைச் சுற்றிய மூடிப் பட்டையைக் கழற்றினால் நாலு கார்பன். பழைய லூகாஸ் மோட்டாரில் கார்பனின் நீளம் 8 மி.மீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டால் கூட்டுக்குள் தடையில்லாமல் போய்வர வேண்டும், ஒட்டினால் பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். இரண்டு கார்பன் எர்த்தில் இருக்கும், சுலபம். மற்ற இரண்டும் ஃபீல்டு காயிலோடு (உடம்புக்குள் அசையாமல் நிற்கும் காந்தச் சுருள்) சேர்ந்தவை. பிற்கால மோட்டார்களில் ஃபீல்டு காயில் அலுமினியப் பட்டை, அதில் ஈயம் பிடிக்காது. பழைய கார்பனின் பின்னல் ஒயரைக் காயிலோடு ஒட்ட வெட்டாமல், விரல்நக அளவு வால் விட்டு வெட்டி, புதிய ஒயரை அந்த வாலில் பற்றுவையுங்கள். பற்றுவைக்கும் பெரிய இரும்பில் சட்டென்று வைத்து எடுக்க வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால் ஈயம் பின்னலுக்குள் ஊறி ஏறி, ஒயர் கம்பி போல விறைத்துக்கொள்ளும். அப்புறம் கார்பன் தேயத் தேயக் கீழே இறங்காது, புதுக் கார்பன் போட்டும் 'டக்' மட்டும் கேட்கும்.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் தேயுங்கள். எமரி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனைத் தின்னும். கட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவை டைனமோவில் கீழே சீவுவார்கள். இந்தப் பழைய ஸ்டார்ட்டர்களில் சீவக் கூடாது, செம்போடு சமமாகத்தான் இருக்க வேண்டும். டைனமோ வேலை பழகிய கை இங்கேயும் சீவிவிடும், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

உடம்பின் உள்சுவரில் ஈயச் சிதறல் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தால் ஆர்மேச்சர் அளவுக்கு மீறிச் சூடாகி, இணைப்பிலிருந்து ஈயம் தெறித்திருக்கிறது. அதை வைண்டிங் கடையில் குரோலரில் (ஆர்மேச்சரைச் சோதிக்கும் கருவி) வைத்து ஷார்ட் பார்க்கச் சொல்லுங்கள். ஃபீல்டு காயில் உடம்போடு எர்த் அடிக்கிறதா என்பதை, பேட்டரியோடு தொடராகச் சேர்த்த டெஸ்ட் லாம்பிலேயே பார்த்துவிடலாம். எர்த் கார்பன்களைத் தூக்கிவிட்டு, ஒரு முனை பெரிய போல்ட்டில், மறுமுனை உடம்பில். எரிந்தால் எங்கோ துணி கிழிந்து செம்பு தொடுகிறது.

எர்த் எந்தப் பக்கம், எத்தனை வோல்ட்

திரும்ப மாட்டுவதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். ஃபீல்டும் ஆர்மேச்சரும் சேர்ந்தே மாறுவதால் செல்ஃப் மோட்டார் எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். 'செல்ஃப் எடுக்குதே' என்று அந்த ஒன்றை நம்பிவிடக் கூடாது. டைனமோ, ரேடியோ எல்லாம் அப்படி இல்லை, மாற்றிக் கொடுத்தால் புகைந்துவிடும்.

வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்களில் 6 வோல்ட் உண்டு. 12க்கு மாற்றிய ஜீப்பில் 6 வோல்ட் மோட்டாரை அப்படியே விட்டிருப்பார்கள். ஜோராகத்தான் சுற்றும், ஆனால் பல் ரிங்கில் போய் அறையும், கொஞ்ச நாளில் மேலே சொன்ன அரைபடும் சத்தம் தொடங்கும். மோட்டாரின் தகட்டில் எழுதியிருப்பதைத் துடைத்துப் படியுங்கள். 6 என்று இருந்தால் வைண்டிங் கடையில் 12 வோல்ட்டுக்கு ஃபீல்டு சுற்றச் சொல்லலாம், அல்லது 12 வோல்ட் மோட்டார் தேடலாம். ஜீப் மோட்டார் இன்னும் பழைய சாமான் கடைகளில் அகப்படுகிறது. வாங்கும்போது பல்லின் எண்ணிக்கையையும் போல்ட் ஓட்டைகளையும் பழைய மோட்டாரோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.